அமெரிக்காவில் கிரெடிட் ஃப்ரீஸைத் திறப்பது: எங்கே, எப்போது, எத்தனை நாளுக்கு

கார் விலையைப் பேசி முடித்து, ஃபைனான்ஸ் அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடப்போகும் நேரத்தில்தான் பலருக்கு ஃப்ரீஸ் போட்டு வைத்திருப்பது நினைவுக்கு வருகிறது. சனிக்கிழமை மாலை, போனில் சார்ஜ் இருபது சதவீதம், எக்ஸ்பீரியனின் கடவுச்சொல் ஞாபகத்தில் இல்லை. ஃப்ரீஸைத் திறப்பது கடினமான வேலையில்லை. எல்லாம் சரியாக இருந்தால் ஒரு நிறுவனத்துக்கு ஐந்து நிமிடம் போதும். அவசரத்தில் செய்யும்போதுதான் அது அரை நாளைத் தின்றுவிடும். அதனால் வங்கிக்கோ ஷோரூமுக்கோ போவதற்கு ஒரு வாரம் முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் ஒரு தெளிவு. ஃப்ரீஸ் என்பது உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவை, புதிதாகக் கடன் கொடுக்க வருபவர்கள் பார்க்க முடியாதபடி பூட்டி வைப்பது. ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் தகவல் நிறுவனங்களும் (பியூரோ என்பது இவற்றைத்தான்) தனித்தனியாகக் கோப்பு வைத்திருக்கின்றன. எனவே பூட்டும் மூன்று, சாவியும் மூன்று. ஒன்றில் திறந்தால் மற்ற இரண்டுக்கும் தகவல் போகாது. ஃபிராட் அலர்ட் என்ற மோசடி எச்சரிக்கைக் குறிப்பு வேறு விஷயம்: ஒருவரிடம் சொன்னால் மற்ற இருவருக்கும் அவர்களே சொல்லிவிடுவார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒரே இடத்தில் ஃப்ரீஸைத் திறந்துவிட்டு "எல்லாம் முடிந்தது" என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை.

2017இல் ஈக்விஃபேக்ஸிலிருந்து ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றியது. 2018 செப்டம்பர் 21 முதல் நாடு முழுவதும் ஃப்ரீஸ் போடுவதும் எடுப்பதும் இலவசம். அதற்கு முன் பல மாநிலங்களில் ஒவ்வொரு முறையும் கட்டணம் இருந்தது. ஆகவே திறக்கும்போது கடன் அட்டை எண்ணைக் கேட்டாலோ, மாதச் சந்தா பற்றிப் பேசினாலோ, தவறான பக்கத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஃப்ரீஸ் பக்கத்துக்குத் திரும்புங்கள்.

"லாக்" என்ற பெயரில் வருவதும் ஃப்ரீஸும் ஒன்றல்ல. லாக் அந்த நிறுவனம் தன் விதிமுறைப்படி தரும் சேவை, சில இடங்களில் காசும் வாங்குவார்கள். ஃப்ரீஸ் சட்டம் தந்த உரிமை. முன்பு எப்போதோ லாக் போட்டு, பிறகு ஃப்ரீஸும் போட்டிருந்தால் இரண்டையும் திறக்க வேண்டும். ஃப்ரீஸைத் திறந்த பிறகும் கடன் கொடுப்பவர் "இன்னும் மூடியே இருக்கிறது" என்றால் லாக் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கே திறக்க வேண்டும்

விண்ணப்பம் போடும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "எந்த பியூரோவிலிருந்து ரிப்போர்ட் எடுப்பீர்கள்?" வங்கிக் கிளையில் இருப்பவருக்குத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். கிரெடிட் கார்டு விண்ணப்பங்களில் பெரும்பாலும் ஒரு பியூரோவைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அது எது என்பது வங்கிக்கு வங்கி மாறும், நீங்கள் இருக்கும் மாநிலத்தைப் பொறுத்தும் மாறும். கேபிடல் ஒன் போன்றவர்கள் மூன்றையுமே எடுப்பது வழக்கம். பதில் உறுதியாகக் கிடைக்காவிட்டால் மூன்றையும் திறந்துவிடுங்கள். ஒன்றை மட்டும் ஊகித்துத் திறந்து, அது தவறாகிப்போனால் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது இரண்டு நாள் இழுக்கும்.

வீட்டுக் கடனுக்குக் கேள்வியே வேண்டாம், மூன்றும் தேவை. மூன்று பியூரோவின் கிரெடிட் மதிப்பெண்களையும் எடுத்து நடுவில் இருப்பதைக் கணக்கில் கொள்வது அங்கே நடைமுறை. ஒன்று மூடியிருந்தால் முன் ஒப்புதல் அப்படியே நின்றுவிடும். கணவன் மனைவி சேர்ந்து கடன் வாங்கினால் கோப்புகள் ஆறு. நம் வீடுகளில் ஒருவரே இந்த வேலைகளை எல்லாம் பார்த்துக்கொள்வது வழக்கம். அப்படிப் பார்த்துக்கொள்பவர் தன் மூன்றைத் திறந்துவிட்டு மனைவியின் மூன்றை மறந்துவிடுகிறார். மனைவியின் கணக்கும் கடவுச்சொல்லும் தனி. உள்நுழையத் தேவையான சரிபார்ப்புக் குறியீடும் அவருடைய போனுக்குத்தான் வரும். இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கார் வாங்கும் இடத்தில் உங்கள் விண்ணப்பம் ஒரே நேரத்தில் பல கடன் நிறுவனங்களுக்குப் போகும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பியூரோவைப் பார்க்கலாம். அங்கேயும் மூன்றையும் திறந்து வைப்பதே நல்லது.

பிள்ளையின் கல்லூரிச் செலவுக்காகப் பெற்றோர் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனுக்குக் கிரெடிட் சோதனை உண்டு. விண்ணப்பிக்கும் முன் மூன்று பியூரோவிலும் ஃப்ரீஸை எடுக்க வேண்டும் என்று அந்த விண்ணப்பமே சொல்கிறது. மாணவர் பெயரில் வரும் சாதாரண அரசுக் கடன்களுக்கு அந்தச் சோதனை கிடையாது. அதற்காகப் பிள்ளையின் ஃப்ரீஸைத் திறந்து வைக்க வேண்டியதில்லை.

சில வேலைகளுக்கு இந்த மூன்றும் போதாது. புதிய வங்கிக் கணக்கு திறக்கும்போது பல வங்கிகள் செக்ஸ்சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தைப் பார்க்கும். செல்போன் இணைப்புக்கும் மின்சாரம் போன்ற சேவைகளுக்கும் என்.சி.டி.யூ.இ. என்ற கோப்பு உண்டு. இன்னோவிஸ் என்பது நான்காவது கிரெடிட் பியூரோ. இவற்றில் எதிலாவது ஃப்ரீஸ் போட்டிருந்தால் அவரவரிடம் தனியாகத்தான் எடுக்க வேண்டும். ஃப்ரீஸ் போடும் நாளிலேயே, எங்கெங்கே போட்டோம் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் இப்போது தேட வேண்டியிருக்காது.

திறக்கத் தேவையே இல்லாத இடங்களும் உண்டு. உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே பார்ப்பதற்கு ஃப்ரீஸ் தடையில்லை. ஏற்கனவே கணக்கு வைத்திருக்கும் வங்கியும் பார்க்கலாம். வேலைக்கான பின்னணிச் சோதனை, காப்பீடு, வாடகை வீட்டுக்கான சோதனை ஆகியவற்றுக்கும் சட்டம் விலக்கு தந்திருக்கிறது. ஆனாலும் வாடகை விஷயத்தில், வீட்டுக்காரர் பயன்படுத்தும் சேவை முழு ரிப்போர்ட்டையும் எடுக்க முயன்று, திறக்கச் சொல்லிக் கேட்பதுண்டு. எந்த பியூரோ என்று கேட்டு, ஒரு நாளுக்கு மட்டும் திறந்து கொடுங்கள்.

எத்தனை நாளுக்கு

திறப்பதில் இரண்டு வகை: தேதி குறித்துத் தற்காலிகமாகத் திறப்பது, அடியோடு எடுத்துவிடுவது. எப்போதும் முதல் வகையைத் தேர்ந்தெடுங்கள். அடியோடு எடுத்துவிட்டு "பிறகு மறுபடி போட்டுக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்களில் பலர் மறுபடி போடுவதே இல்லை. தேதி குறித்தால் அந்த நாள் முடிந்ததும் பூட்டு தானாக விழுந்துவிடும்.

ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் தளங்களில் தற்காலிகத் திறப்புக்கு "டெம்பரரி லிஃப்ட்" என்ற பெயர் இருக்கும். எக்ஸ்பீரியனில் "தா" என்பார்கள், உறைந்த பனி உருகுவதற்கான ஆங்கிலச் சொல் அது. திரையில் பெரிதாகத் தெரியும் சுவிட்சைத் தட்டினால் தேதியே இல்லாமல் திறந்துகொள்ளக்கூடும். எனவே தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் கேட்கும் இடத்தைத் தேடிப் போங்கள். தேதி கேட்காமல் "முடிந்தது" என்று வந்தால் சந்தேகப்படுங்கள்.

கிரெடிட் கார்டுக்கு மூன்று நாள் போதும்: விண்ணப்பிக்கும் நாள், முந்தைய நாள், பிந்தைய நாள். முந்தைய நாளைச் சேர்ப்பது நேர மண்டல வேறுபாட்டுக்காகவும், தளம் தகராறு செய்தால் சரிசெய்ய அவகாசம் வேண்டும் என்பதற்காகவும்தான்.

காருக்கு ஒரு வாரத்திலிருந்து பத்து நாள். வட்டியை ஒப்பிட்டுப் பார்க்க நான்கைந்து இடத்தில் விண்ணப்பித்தால் மதிப்பெண் சரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கார், வீடு, கல்விக் கடன்களுக்காகக் குறுகிய காலத்துக்குள் வரும் விசாரணைகளை (கடன் கொடுப்பவர் ரிப்போர்ட்டைப் பார்த்த பதிவுகளை) ஃபைகோ என்ற மதிப்பெண் முறை ஒன்றாகவே எண்ணும். பழைய ஃபைகோ முறையில் அந்தக் காலம் 14 நாள், புதிய முறைகளில் 45 நாள். கடன் கொடுப்பவர் எந்த முறையைப் பயன்படுத்துகிறார் என்பது நம் கையில் இல்லை. அதனால் எல்லா விண்ணப்பங்களையும் 14 நாளுக்குள் முடியுங்கள், திறப்பையும் அதற்கேற்ப வையுங்கள். கிரெடிட் கார்டுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே ஒவ்வொரு விண்ணப்பமும் தனி விசாரணைதான், அது ரிப்போர்ட்டில் இரண்டு ஆண்டு இருக்கும்.

வீட்டுக் கடன்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம். முன் ஒப்புதலுக்கு ஒருமுறை ரிப்போர்ட் எடுப்பார்கள். வீடு அமைந்து, ஒப்பந்தம் போட்டு, கையெழுத்து நாள் நெருங்கும்போது இடையில் புதுக் கடன் வாங்கினீர்களா என்று மறுபடி பார்ப்பார்கள். இதற்கு இரண்டு வழி. மொத்தமாக 60 நாள் திறந்து வைக்கலாம். அல்லது முன் ஒப்புதலுக்கு இரண்டு வாரம், கையெழுத்துக்கு முன் ஒரு வாரம் என்று இருமுறை திறக்கலாம். இரண்டாவதே மேல் என்று சொல்வோம், ஏனென்றால் இரண்டு மாதம் மூன்று கதவும் திறந்து கிடக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் கடன் அதிகாரியிடம் "மறுபடி எந்த வாரம் எடுப்பீர்கள்?" என்று கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்பவர்களுக்குத்தான் இது சரிவரும். மறதி உள்ளவர்கள் 60 நாள் வழியிலேயே போகலாம். கையெழுத்துக்கு முந்தைய நாள் ஃப்ரீஸால் வேலை நிற்பது இரண்டையும்விட மோசம்.

திறக்கும் முறை

இணையம்தான் வேகமான வழி. தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்கினால் கட்டணச் சேவையிலோ போலித் தளத்திலோ போய் நிற்கலாம். உள்ளே போனதும் ஃப்ரீஸ் பகுதிக்குப் போய், தற்காலிகத் திறப்பைத் தேர்ந்தெடுத்து, இரண்டு தேதிகளையும் கொடுத்து, உறுதி செய்யுங்கள். இணையத்திலோ போனிலோ கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் திறக்க வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் சில நிமிடங்களில் ஆகிவிடும். உறுதிப் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு வெளியேறி, மறுபடி உள்ளே போய், நிலை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் முறை பதிவாகாமல் போவது அங்கங்கே நடக்கிறது.

2018க்கு முன் ஃப்ரீஸ் போட்டவர்களிடம் பின் எண் அச்சிட்ட கடிதம் ஒன்று இருக்கும். இப்போது இணையத்தில் கணக்கு வைத்திருந்தால் அந்தப் பின் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. பின் தொலைந்துவிட்டதே என்று கலங்காமல் முதலில் கணக்கு உருவாக்கிப் பாருங்கள். ஆனால் கடிதம் கையில் இருந்தால் எறிய வேண்டாம், போனில் பேசும்போது கேட்கலாம்.

கணக்கு உருவாக்கும் இடத்தில்தான் சிக்கல்கள் வருகின்றன. பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண், முகவரி ஆகியவற்றைக் கொடுத்ததும் உங்கள் பழைய முகவரி, பழைய கடன் பற்றிச் சில கேள்விகள் வரலாம். "இவற்றில் எதுவுமில்லை" என்பதும் சரியான விடையாக இருக்கலாம், அதனால் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று ஊகிக்காதீர்கள். தவறினால் இணைய வழி சில காலம் மூடிவிடும், பிறகு போன்தான் வழி. சமீபத்தில் வீடு மாறியிருந்தால் புது முகவரி இன்னும் கோப்பில் ஏறியிருக்காது. பழைய முகவரியைக் கொடுத்துப் பாருங்கள், அபார்ட்மென்ட் எண் உட்பட உங்கள் கிரெடிட் கார்டு பில்லில் உள்ளபடியே. வி.பி.என். ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் வரும் தொல்லை பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தை வெறுமையாக விட்டவர்களுக்கு விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயராக ஏறி, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சாகிவிடும். "முதல் பெயர் தெரியாது" என்பதன் சுருக்கம் அது. ஒரு வங்கி அதையே முதல் பெயராகப் பதிந்திருக்கும். இன்னொன்று அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருக்கும். மூன்றாவது முன்னெழுத்தோடு நிறுத்தியிருக்கும். மூன்று பியூரோவிலும் ஒரே மனிதர் மூன்று விதமான பெயரில் இருப்பார். எனவே கணக்கு தொடங்கும் முன் ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் மூன்று ரிப்போர்ட்டையும் எடுங்கள். அங்கே வாரம் ஒருமுறை இலவசம். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ, அந்தந்த பியூரோவில் அப்படியே கொடுங்கள். பெயரைத் திருத்த வேண்டுமானால் கடன் வேலை முடிந்த பிறகு திருத்துங்கள். நடுவில் திருத்தப் போனால் சரிபார்ப்பு இன்னும் குழம்பும்.

இணையம் கைவிட்டால் போன். ஈக்விஃபேக்ஸ் 888-298-0045, எக்ஸ்பீரியன் 888-397-3742, டிரான்ஸ்யூனியன் 800-916-8800. தானியங்கிக் குரலுக்கு நம் உச்சரிப்பில் பெயர் சொல்லிப் போராட வேண்டாம். எண்களை அழுத்தக் கேட்கும் இடங்களில் அழுத்திவிட்டு, முடிந்த இடத்தில் முகவரைக் கேளுங்கள். பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தபால் கடைசி வழி. கடிதம் கைக்குக் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் திறக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது போய்ச் சேரும் நாட்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும். முழுப் பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண், கடந்த இரண்டு ஆண்டு முகவரிகள், எந்தத் தேதியிலிருந்து எதுவரை திறக்க வேண்டும் என்ற விவரம் ஆகியவற்றை எழுதுங்கள். கூடவே ஓட்டுநர் உரிமம் போன்ற அரசு அடையாள அட்டையின் நகலும், அதே முகவரி உள்ள மின்கட்டண பில் அல்லது வங்கி அறிக்கையின் நகலும் வையுங்கள். மூலப் பிரதி அனுப்பாதீர்கள். சான்றளித்த தபாலில் அனுப்பினால் சேர்ந்த தேதிக்கு அத்தாட்சி கிடைக்கும்.

ஃப்ரீஸால் விண்ணப்பம் நின்றுவிட்டால்

ஃப்ரீஸோடு விண்ணப்பித்துவிட்டீர்கள் என்றால் அவசரப்பட்டு இரண்டாவது விண்ணப்பம் போடாதீர்கள். பெரும்பாலான வங்கிகளில் முதல் விண்ணப்பம் சில நாள் நிலுவையில் இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்க்க முடியவில்லை என்று வரும் கடிதத்திலோ மின்னஞ்சலிலோ எந்த பியூரோ என்று பெயர் போட்டிருக்கும். அதைத் திறந்துவிட்டு, வங்கியை அழைத்து, "ஃப்ரீஸைத் திறந்துவிட்டேன், அதே விண்ணப்பத்தை மறுபடி பாருங்கள்" என்று சொன்னால் போதும்.

கேட்டு ஒரு மணி நேரம் தாண்டியும் பியூரோ திறக்கவில்லை, போனிலும் சரியான பதில் இல்லை என்றால் சி.எஃப்.பி.பி. என்ற மத்திய நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் புகார் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை இணையுங்கள். நிறுவனங்கள் பொதுவாக 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். இன்றைய கடனுக்கு அது உதவாது என்றாலும், பெயர்க் குழப்பத்தால் கணக்கே தொடங்க முடியாமல் மாதக்கணக்கில் அலைபவர்களுக்கு இது பலன் தரும் வழி.

இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள்

ஊருக்குத் திரும்பும்போது மூன்றிலும் ஃப்ரீஸ் போட்டுவிட்டு வருவது மிக நல்ல பழக்கம். ஆனால் இரண்டு ஆண்டு கழித்து மறுபடி போக நேர்ந்தால் திறப்பது யார்? குறியீடு வரும் அமெரிக்க எண் கைவிட்டுப் போயிருக்கும். 888, 800 எண்கள் வெளிநாட்டிலிருந்து எளிதில் கிடைப்பதில்லை, தளங்களும் சில நேரம் வெளிநாட்டு இணைப்பில் திறக்க மறுக்கின்றன. அதனால் விமானம் ஏறும் முன் மூன்று கணக்கிலும் உள்ளே போய்ப் பாருங்கள். மின்னஞ்சல் உங்கள் சொந்த முகவரியாக இருக்கட்டும், அலுவலக முகவரி வேண்டாம். அமெரிக்க எண்ணைக் குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாற்றி உயிரோடு வையுங்கள். இணையவழி எண்களுக்கு மாற்றினால் சரிபார்ப்புக் குறியீடு வராமல் போகலாம் என்பதால், உண்மையான செல்போன் நிறுவனத்திலேயே இருக்கட்டும். ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று ஊர் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒருமுறை உள்நுழைந்து பாருங்கள். வராவிட்டால், பழைய முகவரியும் விவரங்களும் நினைவில் இருக்கும் அப்போதே மாற்று ஏற்பாட்டைச் செய்துவிடலாம்.